பாட்டு ஊராருடையது, வரிசை யாருடையது?

ஹவுஸ் என்ற கிளப் நடன இசையின் பழைய பாடல்களைத் தொகுத்த சிடி ஒன்று கையில் கிடைத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பாட்டுப் பெயர்கள்தான் தெரியும். உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். முதல் பாட்டு இன்ன லேபிளின், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தின், அனுமதியோடு, இரண்டாவது வேறொரு லேபிளின் அனுமதியோடு, மூன்றாவது இன்னொருவரின் அனுமதியோடு என்று எறும்பு வரிசை போலப் போகும். இருபது பாட்டு என்றால் ஏறக்குறைய இருபது சொந்தக்காரர்கள். சரி, அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருக்கிறதே ஒரு நிறுவனம், அதற்கு இந்த வட்டில் சொந்தமானது எது?

2013 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான். வழக்குப் போட்டது நடன இசைத் தொகுப்புகள் விற்கும் லண்டன் நிறுவனமான மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட். எதிர்த்தரப்பு இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை.

நடந்தது இதுதான். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்கிறவர்கள் சிலர் மினிஸ்ட்ரி வெளியிட்ட தொகுப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே பாடல்களை அதே வரிசையில் அடுக்கி ப்ளேலிஸ்ட் செய்திருந்தார்கள். பலவற்றின் தலைப்பிலேயே மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற பெயர் இருந்தது. யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் பின்தொடரலாம், கேட்கலாம். 2012 முதலே இவற்றை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறோம், கேட்பாரில்லை என்றது மினிஸ்ட்ரி. ப்ளேலிஸ்ட்களை நீக்க வேண்டும், இனிமேலும் இப்படி நகலெடுக்க விடக் கூடாது, நட்ட ஈடும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

இதைத் திருட்டு சிடி வழக்கு மாதிரி நினைத்துவிடக் கூடாது. அந்தப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையில் முறையான உரிமத்தோடு இருந்தவை. யாராவது ஒரு பாட்டைக் கேட்டால் அந்தப் பாட்டின் லேபிளுக்குச் சேர வேண்டிய காசு சேர்ந்தது. ஒரு பாட்டுகூடக் களவு போகவில்லை. போனது வரிசை.

பஸ் கராஜில் பிறந்த பெயர்

மினிஸ்ட்ரி முதலில் ஒரு நடன கிளப். 1991 செப்டம்பர் 21 அன்று தெற்கு லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில், கான்ட் தெருவில், பயன்படாமல் கிடந்த ஒரு பஸ் கராஜில் திறக்கப்பட்டது. ஜஸ்டின் பெர்க்மன், ஹம்ஃப்ரி வாட்டர்ஹவுஸ், ஜேம்ஸ் பலும்போ மூவரும் தொடங்கினார்கள். பெர்க்மன் ஒரு டிஜே, கிளப்பில் இசைத்தட்டுகளை அடுத்தடுத்துப் போட்டு ஆட வைப்பவர். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் கேட்ட ஒலியை லண்டனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த கிளப்பும் பெயருக்கேற்றபடி ஒரு வாகனக் கொட்டகையில் நடந்ததுதான். 1987இல் மூடிவிட்டார்கள். அங்கே வாரா வாரம் பாட்டுப் போட்ட லேரி லெவன், மினிஸ்ட்ரி திறந்த புதிதில் லண்டனுக்கே வந்து வாசித்தார்.

ஆரம்பத்தில் மினிஸ்ட்ரியில் மதுவே கிடையாது. பழச்சாறு குடித்துவிட்டு விடிய விடிய ஆடலாம். வருமானம் தருகிற மதுக்கூடம் இல்லாத இடத்துக்குக் கூட்டம் வந்ததென்றால் ஒலிக்காகவும், பாட்டை அடுக்குகிற டிஜேக்காகவும்தான். ‘நாங்கள் போடும் வரிசையை நம்பி வாருங்கள்’ என்பதுதான் அந்தப் பெயரின் முதலீடு. நீதிமன்றத்தில் பேசிய பேச்சை அந்த கிளப் வாசலிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1993இல் லேபிள் வந்தது. முதல் தொகுப்பு செஷன்ஸ், பாட்டுகளை இடைவெளி தெரியாமல் கோத்து மிக்ஸ் செய்தவர் டோனி ஹம்ஃப்ரீஸ். 1995இல் ஆண்டுத் தொகுப்பு வரிசையான தி ஆனுவல் தொடங்கியது. பீட் டாங்கும் பாய் ஜார்ஜும் மிக்ஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பழைய கிளப் பாடல்களுக்கு ஒன்று என்று அடை மழைதான். பிரிட்டனில் தொகுப்பு ஆல்பம் அப்போது சாதாரண வியாபாரம் இல்லை. 1989 ஜனவரியில் தொகுப்புகளை முதன்மை ஆல்பம் பட்டியலிலிருந்து பிரித்து அவற்றுக்கென்று தனிப் பட்டியலே வைத்துவிட்டார்கள். பாடகர்களின் ஆல்பங்கள் மேலே வர இடமில்லாமல் தொகுப்புகள் அடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு தொகுப்பு எப்படி உருவாகிறது

வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தொகுப்பவர் மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எளிய வேலைதான். நல்ல பாட்டாக இருபது எடு, அடுக்கு, அட்டை போடு. உள்ளே போனால்தான் சிக்கல் தெரியும்.

பிளாக் பாக்ஸ் குழுவின் ரைட் ஆன் டைம் பாட்டை எடுத்துக்கொள்வோம். 1989இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த இத்தாலிய ஹவுஸ் பாட்டு. பழைய கிளப் பாடல்களைத் தொகுக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் எந்த ரைட் ஆன் டைம்? முதலில் வந்த பதிவில் கேட்ட குரல் லொலியாட்டா ஹாலோவேயுடையது. 1980இல் அவர் பாடிய லவ் சென்சேஷன் என்ற டிஸ்கோ பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவர் பெயரைப் போடவில்லை. தகராறு வந்தது. பிறகு ஹெதர் ஸ்மாலை வைத்து அந்த இடங்களைத் திரும்பப் பாட வைத்து இன்னொரு பதிவு வந்தது. பெயர் ஒன்று, குரல் இரண்டு. பழைய ரசிகருக்கு முதல் நொடியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். தொகுப்பவர் எதைப் போடுவது? எதற்கு அனுமதி கிடைக்கும்?

ராபின் எஸ் பாடிய ஷோ மீ லவ் இன்னொரு கதை. பாட்டு முதலில் வெளிவந்தது 1990இல். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்வீடன்காரர் ஸ்டோன்பிரிட்ஜ் 1992இல் ஒரு ரீமிக்ஸ் செய்தார். கார்க் எம்1 கீபோர்டில் தயாராக இருக்கும் ஓர் ஆர்கன் ஒலியை எடுத்து பேஸ் வரியாகப் போட்டார். இன்று உலகம் ஷோ மீ லவ் என்று சொல்வது அதைத்தான். தொகுப்பில் தவறிப்போய் முதல் பதிவைப் போட்டுவிட்டால் வாங்கினவர் திட்டுவார். பாட்டுப் பெயரைத் தெரிந்திருந்தால் போதாது, எந்த அவதாரம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அனுமதி. ஒவ்வொரு லேபிளுக்கும் எழுத வேண்டும். ஒருவர் சரி என்பார், ஒருவர் முன்பணம் அதிகம் கேட்பார், ஒருவர் தன்னுடைய தொகுப்பே அடுத்த மாதம் வருகிறது என்று கைவிரிப்பார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்குமான பங்குப் பணத்தைப் பாட்டுகளின் எண்ணிக்கைப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். உரிமம் எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, சிடிக்கு மட்டுமா வேறு வடிவத்துக்குமா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும். ‘சிடிக்கு மட்டும்’ என்ற சொல் பின்னாளில் மினிஸ்ட்ரிக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஸ்ட்ரீமிங் வந்தபோது அந்தத் தொகுப்புகளை அது தானே ஸ்பாட்டிஃபையில் ஏற்ற முடியவில்லை. பெரும்பாலான பாடல்களுக்கு அது வாடகைக்காரர். வீட்டுக்காரர்கள் நேராகவே ஸ்பாட்டிஃபையோடு பேசி முடித்துவிட்டார்கள்.

கடைசியில் மிக்ஸ். ஹவுஸ் பாட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி ஓடும். ஒரு பாட்டு 122, அடுத்தது 126 என்றால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் வலப்பக்கம் ஒரு தள்ளுபொத்தான் உண்டு. எட்டு சதவீதம் வரை வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல் பாட்டில் பாடுகிறவர் ஓய்ந்து வெறும் தாளம் மட்டும் ஓடுகிற இடத்தில் அடுத்த பாட்டின் தாளத்தை அடி பிசகாமல் மேலே வைக்க வேண்டும். இரண்டு டம் டம்மும் ஒரே டம் டம்மாகக் கேட்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் குதிரை தடுமாறுகிற ஓசை வரும். அப்படியே பதினாறு சுற்றோ முப்பத்திரண்டு சுற்றோ இரண்டும் கைகோத்து ஓடி, பழையது நழுவி, புதியது நின்றுவிடும். நன்றாகச் செய்தால் எங்கே மாறியது என்றே தெரியாது.

ஒரு மிக்ஸ் சிடியை முழுதாகக் கேட்டுவிட்டு, அதே பாடல்களை நானே ஸ்ட்ரீமிங்கில் வரிசையாகச் சேர்த்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் பாட்டு தேய்ந்து முடிந்தது. கொஞ்சம் மௌனம். அடுத்த பாட்டு தன் சொந்த வேகத்தில், வேறு ஒலியளவில் தொடங்கியது. நாலாவது பாட்டில் நான் எதிர்பார்த்த ரீமிக்ஸ் இல்லை, ரேடியோவுக்காக மூன்றரை நிமிடமாக வெட்டின பதிப்பு வந்து நின்றது. பூச்சரத்திலிருந்து நாரை உருவிவிட்டுப் பூவை மட்டும் தட்டில் கொட்டினது போல இருந்தது.

இந்தச் சோதனை வழக்குக்கு முக்கியம். மினிஸ்ட்ரியின் உழைப்பில் ஒரு பங்கு தேர்வு, ஒரு பங்கு வரிசை, ஒரு பங்கு மிக்ஸ். ப்ளேலிஸ்ட் போட்டவர்கள் எடுத்தது முதல் இரண்டை மட்டும்தான். மிக்ஸை எடுத்திருந்தால் வழக்கு எளிது, ஒலிப்பதிவை நகலெடுத்தாய் என்று சொல்லிவிடலாம். அதை யாரும் தொடவில்லை. தலைப்பில் இருந்த பெயர் தனிக் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது

தொகுப்பு என்ற வேலைக்குத் தமிழில் பழைய மரியாதை உண்டு. எட்டுத்தொகை என்று சொல்லும்போதே நாம் தொகுத்தவரை வணங்கிவிடுகிறோம். அகநானூற்றில் நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். பாடினவர்கள் எத்தனையோ புலவர்கள், அடுக்கினவர் உருத்திரசன்மர், அடுக்கச் செய்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. தொகுத்தார், தொகுப்பித்தார் என்று இரண்டு சொல் வைத்து இருவர் பெயரையும் காப்பாற்றியிருக்கிறார்கள். டிஜே தொகுத்தவர், லேபிள் தொகுப்பித்தவர் என்று வைத்துக்கொண்டால் மினிஸ்ட்ரியின் வாதம் நமக்குச் சட்டென்று விளங்கும்.

லண்டனில் அவ்வளவு சுலபமில்லை. பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. 1996இல் ஒன்றியம் தரவுத்தளங்களை, அதாவது முறையாக அடுக்கிய திரட்டுகளை, பாதுகாக்க ஓர் ஆணை போட்டது, பிரிட்டன் 1997இல் அதைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அதில் இரண்டு வழி உண்டு. தேர்விலோ அடுக்கிலோ தொகுத்தவரின் சொந்த அறிவுப் படைப்பு இருந்தால் காப்புரிமை (காப்பிரைட்). படைப்பு இல்லாவிட்டாலும், தரவைத் திரட்டவும் சரிபார்க்கவும் முன்வைக்கவும் கணிசமான முதலீடு செய்திருந்தால் தரவுத்தள உரிமை, பதினைந்து வருடத்துக்கு.

மினிஸ்ட்ரிக்கு இரண்டும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆணையின் முன்னுரைக் குறிப்புகளில் பத்தொன்பதாவதைப் படிக்கும் வரைக்கும்தான். பல இசைப்பதிவுகளை ஒரு சிடியில் தொகுப்பது, பொதுவாக, இந்த ஆணைக்குள் வராது என்று அது பச்சையாகச் சொல்கிறது. காப்புரிமைக்குத் தேவையான தகுதியும் அதற்கு இல்லையாம், முதலீடும் போதாதாம். யாரோ ஒருவர் 1996லேயே மினிஸ்ட்ரியின் அட்டையைப் பார்த்துக்கொண்டே எழுதினதுபோல் இருக்கிறது. ஆனால் ‘பொதுவாக’ என்ற ஒரு சொல் இருக்கிறதே, அது ஒருக்களித்த கதவு. எல்லாச் சிடியும் பொதுவான சிடி இல்லை என்று ஒரு நல்ல வழக்கறிஞர் அதன் வழியாக நுழைந்து பார்க்கலாம்.

நுழைந்தால் அடுத்த தடை 2012 மார்ச்சில் வந்த ஃபுட்பால் டேட்டாகோ தீர்ப்பு. கால்பந்துப் போட்டி அட்டவணைகளுக்குக் காப்புரிமை உண்டா என்பது அந்த வழக்கு. எவ்வளவு உழைப்பும் திறமையும் போனாலும் அது மட்டும் போதாது, தேர்விலோ அடுக்கிலோ சுதந்திரமான படைப்பு முடிவுகள் தெரிய வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். அட்டவணை போடுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. மைதானமும் நாளும் விதியும் கையைக் கட்டிவிடும். டிஜேக்கு அப்படிக் கட்டு இல்லை. விடியற்காலைக்கு மெதுவாகப் போவதா, நடுவில் உச்சத்துக்கு ஏற்றுவதா என்பது அவர் இஷ்டம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிஜே ஒரே மூச்சில் அடுக்கின மிக்ஸ் ஆல்பத்தின் வரிசை படைப்புதான். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் ஃபிராங்கி நக்கில்ஸ் செய்ததும் அதுதான், அந்த கிளப்பின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற பெயர் வந்தது. ஆனால் மூன்று சிடியில் அறுபது ஹிட் பாட்டை அடைத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற தொகுப்பில் அந்தப் படைப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எது ஹிட் என்பதைச் சந்தை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. எதற்கு உரிமம் கிடைத்தது என்பதை மற்ற லேபிள்கள் தீர்மானித்துவிட்டன. அங்கே டிஜேயின் நிலைமை கால்பந்து அட்டவணைக்காரருடையதுதான். முதலீடு வழியாகப் போனால் மினிஸ்ட்ரிக்குக் கொஞ்சம் மேலான வாய்ப்பு இருந்திருக்கும். 2004இல் இதே தரவுத்தள உரிமையைக் கேட்ட பிரிட்டிஷ் குதிரைப் பந்தய வாரியம் தோற்றது, தரவைத் தானே உண்டாக்கினதால். ஏற்கெனவே இருக்கும் தரவைத் தேடித் திரட்டச் செலவிட்டால்தான் கணக்கு என்றது தீர்ப்பு. மினிஸ்ட்ரி திரட்டினது ஏற்கெனவே இருந்த பாட்டுகளைத்தான்.

வழக்குத் தொடங்கியபோது மினிஸ்ட்ரியின் தலைமைச் செயல் அதிகாரி லோஹன் பிரெசென்சர் பத்திரிகையில் எழுதியும் பேசியும் தன் தரப்பைப் பலமாக வைத்தார். தொகுப்பதும் ஒரு தொழில், அதற்கும் விலை உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு ஹாலோவே ஞாபகம் வந்தார். வெட்டி ஒட்டி, சொல்லாமல் எடுத்து, பிறகு பேசித் தீர்த்துக்கொண்டு வளர்ந்த இசை இது. அதை விற்று வளர்ந்த நிறுவனம் ‘என் வரிசையை எடுத்துவிட்டார்கள்’ என்று படியேறியதில் ஒரு சிரிப்பும் இருக்கிறது. ஆனால் மினிஸ்ட்ரி காசு கொடுத்து உரிமம் வாங்கித்தான் தொகுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வரவில்லை

2014 பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நீதிபதி எதையும் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. ‘பொதுவாக’ என்ற சொல்லின் கதவு அப்படியே ஒருக்களித்து நின்றுவிட்டது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

சமரசத்தின் வடிவம் சுவாரசியமானது. ப்ளேலிஸ்ட்களை ஸ்பாட்டிஃபை அழிக்கவில்லை. தேடினால் அகப்படாதபடி செய்தது, புதிதாக யாரும் பின்தொடர முடியாதபடியும் செய்தது. போட்டவர் தன் கணக்கில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் நண்பனுக்கு கேசட் பதிந்து கொடுத்த மாதிரி வைத்துக்கொள், கடைத்தெருவில் பலகை மாட்டாதே என்ற கணக்கு. வரிசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் நழுவல், நடைமுறைப்படி பார்த்தால் புத்திசாலித்தனம். மினிஸ்ட்ரிக்கு உண்மையில் வலித்த இடமும் அதுதான். வாடிக்கையாளர் தேடும் கட்டத்தில் அதன் பெயரை அடித்ததும், காசு வேறு பக்கம் போகும் பட்டியல் வந்து நின்றது.

2016 ஆகஸ்ட்டில் சோனி மியூசிக் மினிஸ்ட்ரியின் லேபிளை வாங்கியது. கிளப் விற்பனையில் சேரவில்லை. அது தனியாகவே கான்ட் தெருவில் நடக்கிறது. சோனி வீட்டுக்காரர் வகை, சொந்தப் பாட்டுக் கிடங்கு வைத்திருப்பது. வாடகைக்காரராக இருந்து ஸ்பாட்டிஃபையோடு மல்லுக்கட்டின பெயர் அந்தக் கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

இப்போது ஸ்பாட்டிஃபையில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்று தேடினால் அந்தப் பெயர் போட்ட ப்ளேலிஸ்ட்கள் வருகின்றன. இந்த முறை போட்டது மினிஸ்ட்ரியே.